இரண்டாவது ஓடை

மேஜர் சார்,

நேற்று ஸ்ரீரங்கத்தில் உங்கள் மனைவி அந்தத் தண்ணீர் பாட்டிலை என் கையில் கொடுத்தார். பச்சைக் கம்பளி உறை போட்ட பழைய பட்டாளத்து பாட்டில். "சுபேதார் எப்ப வந்தாலும் குடுத்துடுன்னு சொல்லியிருந்தார்" என்றார். உங்கள் காரியத்துக்குக்கூட வராதவன் நான். வீட்டுக்கு வந்து கழுவினேன். நனைந்த கம்பளி வாடை எழுந்ததும் அந்த மலைச்சரிவு கண்முன் வந்துவிட்டது.

உங்களைவிட எனக்கு எட்டு வயது கூட. ஆனால் நம் பட்டாளக் கம்பெனிக்கு நீங்கள்தான் தலைமை; உங்கள் கீழ் சுபேதாரான என்னை மரியாதையாக 'சாப்' என்றுதான் கூப்பிடுவீர்கள். உத்தரவு வாங்குகிறவன் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது பட்டாளத்து வழக்கம். அன்று ரோந்துக்குக் கிளம்பும்போது, உங்கள் பாட்டிலையே என் தோளில் மாட்டிவிட்டு, "ரெண்டாவது ஓடை தாண்டி இடது பக்கம் திரும்புங்க, சாப். ஒரு தடவ சொல்லிடுங்க" என்றீர்கள்.

"தெரியும் சார். இருபத்தஞ்சு வருஷமா மலை ஏறுறேன்" என்றேன். ஜவான்கள் எதிரே என் நரைத்த தலைக்கு மரியாதை கொடுத்து, சிரித்து விட்டுவிட்டீர்கள்.

மழையில் முதல் ஓடை தாண்டியதுமே நான் இடது பக்கம் திரும்பிவிட்டேன். பாறைச்சரிவில் ஒரு ஜவான் விழுந்து கால் எலும்பு நொறுங்கியது. உங்கள் பாட்டிலில்தான் அவனுக்குத் தண்ணீர் புகட்டினேன். அதற்கப்புறம் அவன் நேராக நடக்கவே இல்லை.

விசாரணையில், "திருப்பிச் சொல்ல வைக்காதது நான். தப்பு என்னோடது" என்றீர்கள். நான் வாயைத் திறந்திருக்கலாம். ஓய்வுக்கு இன்னும் ஒரு வருஷம்தானே என்று மரம் மாதிரி நின்றேன். உங்கள் பதவி உயர்வு தள்ளிப்போனது. ஒருநாளும் சொல்லிக்காட்டவில்லை நீங்கள். மறுநாளிலிருந்து, "சாப், திருப்பிச் சொல்லுங்க" என்று மட்டும் எல்லார் முன்னும் விடாமல் கேட்டீர்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. நான் இருக்கும் மன்னார்புரத்துக்கும் உங்கள் ஸ்ரீரங்கத்துக்கும் நடுவில் ஒரு காவிரிப் பாலம்தான். அதைத் தாண்டி உங்களைப் பார்க்க வர இத்தனை வருஷமாக முகமில்லை.

இப்போது நான் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேன்களுக்கு சூப்பர்வைசர். போன மாதம் முன்கேட் ரோட்டைத் தோண்டியிருந்தார்கள். பின்கேட்டைப் பூட்ட வேண்டாம் என்று வாட்ச்மேனிடம் சொன்னேன். அவர் என்னைவிட மூத்தவர். பழக்க தோஷத்தில் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். ஆம்புலன்ஸ் வந்து வெளியே நின்றது. நல்லவேளை, நோயாளி பிழைத்துக்கொண்டார்.

"யாருய்யா பூட்டுனது?" என்று குடியிருப்புச் சங்கச் செயலாளர் கத்தினார். பெரியவர் சாவியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். வயதானவரைப் போய்த் திருப்பிச் சொல்லச் சொல்வதா என்று விட்டது நான்தான்.

"தப்பு என்னோடது சார்" என்றேன்.

சொன்ன பிறகுதான் புரிந்தது. அன்று நீங்கள் என்னைக் காப்பாற்றுவதற்காகப் பேசவில்லை. உங்கள் பங்கை உள்ளபடி சொன்னீர்கள். என் பங்கைச் சொல்லாமல் நின்றவன் நான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து சொல்லிவிட வேண்டும் என்றிருந்தேன். வெள்ளிக்கிழமையே நீங்கள் போய்விட்டீர்கள்.

மன்னிப்புக் கேட்டு நாலைந்து வரி எழுதி அடித்துவிட்டேன். நான் சொல்ல வேண்டியது அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டியதுதான். பாட்டிலைத் தோளில் மாட்டிக்கொண்டு, எழுந்து நின்று சொல்கிறேன்.

இரண்டாவது ஓடை தாண்டி, இடது பக்கம், சார்.