கஞ்சி பட்ட படம்

காஞ்சிபுரம்,
புதன் இரவு.

அன்புள்ள சிவபாலன் அண்ணாவுக்கு,

புவனா எழுதுவது. ஸ்ரீபெரும்புதூரில் உனக்கு சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? இங்கே எல்லோரும் நலம் என்று எழுதக் கை வரவில்லை.

பட்டுக்கடை முதலாளி ராஜகோபால் அப்பாவிடம் ஒரு பழைய படம் கொடுத்திருந்தார். ஆயிரத்து எழுநூறுகளில் ஒரு வெள்ளைக்காரர் நீர்வண்ணத்தில் வரைந்ததாம். பாலாற்றங்கரை, பனைமரங்கள், குடை பிடித்த ஒரு துரை, அவர் பின்னால் குடம் சுமந்த இரண்டு பெண்கள். தன் மகளின் முகூர்த்தப் புடவை முந்தானையில் அந்த ஆட்களை நெய்யச் சொன்னார்.

கண்ணாடி பளபளத்ததால் அப்பா படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றினார். காகிதம் சுருண்டுகொண்டது. "பாவுக்குக் கஞ்சி போட்டா நிமிந்து நிக்கறதில்ல? இதுவும் அப்படித்தாம்மா" என்று சொல்லி, தெருவில் பாவு நூலை நீட்டித் தெளிப்பது போலவே படத்தின் மேல் கஞ்சியைத் தெளித்து, பிரஷால் ஒரு இழு இழுத்தார். நான் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தேன். பச்சை ஓட ஆரம்பித்தது. துரை அப்படியே நிற்கிறார். அந்தப் பெண்கள் இருவரும் சேறாகிவிட்டார்கள்.

இன்று முதலாளி வந்து கத்தியதும், அப்பா நம் தறிக்கு ஊடை நூலைத் தாரில் சுற்ற வரும் துளசி அக்காவைக் கைகாட்டிவிட்டார். படம் கெட்ட அன்றைக்கு அக்கா அதற்கு முன்பே தென்னேரிக்கு பஸ் ஏறிவிட்டாள், அண்ணா. "நான் அதைத் தொடக்கூட இல்லபா, உங்க பொண்ணையே கேளுங்க" என்று அப்பாவைப் பார்த்து அழுதாள். "அழுதுக்கினே ஸ்டேஷனுக்கு வா, அங்க கேக்கறேன்" என்றார் முதலாளி. நாளை சாயங்காலம் புகார் கொடுக்கப் போகிறாராம். அதற்கு முன் என்னைக் கேட்க வருகிறார்.

அப்பா சாப்பிடவில்லை. "துளசி பண்ணத நீ பாத்தேன்னு மட்டும் சொல்லிடு கண்ணு. அவரு பட்டு குடுக்கலன்னா நம்ம தறி நின்னுடும்" என்றார். அம்மா காதில் விழாதது போல அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

போன் அப்பாவின் தலையணைக்கு அடியில் இருக்கிறது. என் தோழி லில்லியின் அப்பா உங்கள் கம்பெனி பஸ்தானே ஓட்டுகிறார், காலையில் அவரிடம் இதைக் கொடுத்துவிடுவேன்.

சாயங்காலத்துக்குள் வந்துவிடு. அப்பா உன் பேச்சைத்தான் கேட்பார். யார் சொன்னது என்று கேட்டால் என்னைக் காட்டிக்கொடுக்காதே என்று எழுதி, அடித்துவிட்டேன். என் பெயரைச் சொல். நீ வராவிட்டால், முதலாளி கேட்கும்போது என் வாயில் என்ன வரும் என்று எனக்கே தெரியவில்லை.

ஏகாம்பரநாதர் உனக்கு நாளைக்கு லீவு கிடைக்கச் செய்யட்டும்.

உன் தங்கை,
புவனேஸ்வரி