நாற்பது நிமிடத்துக்கு ஒரு முறை

நாள் 112, 08:30
குளிர்ப்பள்ளம் பனி நிலையம், நிலவின் தென்முனை. பதிவு செய்பவர் ஜெயசீலி, இழுவை வண்டி ஓட்டுநர். நிலையத்தில் இருவர். நேற்று ஏற்றி வந்த பனி பதினொரு டன். உள்வெப்பம் 22. காற்றழுத்தம் சரி. காலை உணவு உப்புமா, தண்ணீர் அதிகம். கிண்டியவர் துளைப்பொறியாளர் துரைசிங்கம். அவரிடமே சொன்னேன். நாளை உன் முறை என்றார்.

நாள் 112, 14:50
துளைக்கருவியின் தூண் முறிந்து துரைசிங்கத்தின் மேல் விழுந்தது. இடுப்பெலும்பு முறிவு. வலது தொடையில் ஆழமான காயம். உள்ளே இழுத்து வந்து கட்டிலில் கட்டிவிட்டேன். அவரால் எழ முடியாது.

விழுந்த தூண் மின்கம்பியையும் அறுத்தது. பிராணவாயு இயந்திரத்தின் தானியங்கி வடிகால் எரிந்துபோனது. அடிக்கலனில் சேரும் நீரை நாற்பது நிமிடத்துக்கு ஒரு முறை கையால் வடிக்க வேண்டும். தவறினால் இயந்திரம் நின்றுவிடும். அவசரப் பிராணவாயுத் தொட்டி ஒன்று உண்டு. இருவருக்கு ஐந்து மணி நேரம் வரும்.

கிழக்குத் தளத்திலிருந்து மீட்பு வண்டி கிளம்பிவிட்டது. பள்ளங்களைச் சுற்றி வந்து சேர மூன்று நாள்.

நாள் 112, 17:10
இங்கு வருமுன் பதினாறு ஆண்டுகள் மணியாச்சி - தூத்துக்குடி பாதையில் சரக்கு ரயில் ஓட்டினேன். சிக்னல் தெரிந்ததும் ஓட்டுநர் கைநீட்டி அதன் நிறத்தை உரக்கச் சொல்ல வேண்டும். உதவி ஓட்டுநரும் தன் கண்ணால் பார்த்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். அதே முறையை இங்கும் வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு வடிப்பு முடிந்ததும் நான் வானொலியில் சொல்வேன். கிழக்குத் தளத்தின் கட்டுப்பாட்டாளர் இசக்கிராஜ் தன் திரையைப் பார்த்துத் திருப்பிச் சொல்வான்.

"வடிகால் மூடியது. தொட்டி மூடியது."

"வடிகால் மூடியது. தொட்டி மூடியது. என்னக்கா, கூட்ஸ் வண்டியில போற மாதிரியே இருக்கு. அடுத்து என்ன ஸ்டேசன்?"

"தட்டப்பாறை. எறங்கிராதல, டீ கெடைக்காது."

நாள் 113, 11:20
முப்பது முறை வடித்தாயிற்று. பிசகில்லை. இடையில் அலாரம் வைத்துப் படுக்கிறேன். துரைசிங்கம் பதினான்கு மணி நேரம் தூங்கினார். காய்ச்சல் 39.1லிருந்து 38க்கு இறங்கியிருக்கிறது. கிழக்குத் தளத்தின் மருத்துவர் மெஹர்பானுவிடம் சொன்னேன்.

"பாதி வேலைய மருந்து பாத்துச்சு, மீதிய தூக்கம் பாத்துச்சு. காயம் ஆறுறதே அப்பதான் வேகமா நடக்கும். சரி, நீங்க எவ்வளவு தூங்கினீங்க?"

"கூட்டினா ஏழு மணி நேரம் வரும், டாக்டர்."

"கூட்டாதீங்க. ஒரே மூச்சுல எவ்வளவு?"

"இருபது நிமிசம்."

"அதுல தூக்கம் ஆழத்துக்கே போகாதும்மா. வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வர்றீங்க, அவ்வளவுதான்."

நாள் 113, 19:40
மருத்துவரின் யோசனை: இயந்திரத்தை நிறுத்தி, தொட்டியைத் திறந்துவிட்டு நான்கு மணி நேரம் தொடர்ந்து தூங்குவது. துரைசிங்கம் கட்டிலில் இருந்தபடியே தொட்டியின் அளவுமானியைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். இறங்கினால் மணியடித்து என்னை எழுப்புவாராம்.

மறுத்துவிட்டேன். பதினாறு ஆண்டுகளில் ஒருநாளும் கேபினில் கண்ணயர்ந்தவள் இல்லை. பிடியை நோயாளியிடம் கொடுக்கும் பழக்கமும் எனக்கில்லை. தொட்டி உயிருக்காக இருக்கிறது, என் கண்ணுக்காக அல்ல என்று பதில் அனுப்பினேன்.

"அக்கா, ரயில்லயே டூட்டி முடிஞ்சா ஆள மாத்துவாங்கல்லா? ஒங்களுக்கு மட்டும் என்ன, இரும்புலயா ஒடம்பு?"

அடுத்த வடிப்புக்கு எழுந்து போனேன்.

நாள் 114, 10:05
உட்கார முடியவில்லை. கால்கள் ஆடிக்கொண்டே இருக்கின்றன. படுத்தால் உடம்பு துள்ளி எழுகிறது. தேநீரில் உப்பைப் போட்டேன், பாதி குடித்த பிறகுதான் தெரிந்தது. துரைசிங்கம் தண்ணீர் கேட்டபோது கத்திவிட்டேன். நேற்று முழுக்க ஒரே கேள்வியைத் தன்னிடம் நான்கு முறை கேட்டதாக அவர் சொல்கிறார். எந்தக் கேள்வி என்று கேட்டேன். இது ஐந்தாவது என்றார்.

மற்றபடி தெளிவாகத்தான் இருக்கிறேன்.

நாள் 114, 16:25
தொட்டி காலி.

இயந்திரம் பதிந்து வைத்திருப்பதைப் பார்த்தேன். காலை 09:00 வடிப்பின்போது, வடிகாலுக்கு அடுத்திருக்கும் தொட்டி வால்வையும் சேர்த்துத் திறந்திருக்கிறேன். மூடவில்லை. மிகுதியான காற்று அழுத்தக் காப்பு வால்வு வழியாக வெளியே போய்விட்டது. அதன் பிறகு பதினொரு முறை "தொட்டி மூடியது" என்று சொல்லியிருக்கிறேன். பதினொரு முறை இசக்கிராஜும் திருப்பிச் சொல்லியிருக்கிறான். இருவரும் பார்க்கவில்லை.

"நானும் பாக்கலக்கா. நீங்க சொன்ன ஒடனே வாய் தானா சொல்லிட்டு. திரை முன்னாடிதான் இருந்துச்சு. என் கண்ணு முன்னாடிதான்."

"அழாத. வண்டி எங்க வருது?"

"இருபத்திரண்டு மணி நேரம்க்கா."

இனி ஒரு வடிப்பு தவறினாலும் ஈடுகட்ட எதுவுமில்லை. நேற்று மாலை தூங்க நான்கு மணி நேரம் கிடைத்தது. வேண்டாம் என்று சொன்னவள் நான்தான். படுப்பதையும் நிறுத்திவிட்டேன், அலாரம் காதில் விழாமல் போனால்?

நாள் 115, 07:15
துரைசிங்கம் பத்து மணி நேரம் தூங்கி எழுந்தார். காய்ச்சல் இல்லை. நாடி 72. காயத்தின் விளிம்பு காய்ந்திருக்கிறது. பசிக்கிறது என்றார். என் நாடி 118. கை நடுங்குவதால் வால்வைப் பிடிக்க இரண்டு கையும் தேவை. உதடு வெடித்து ரத்தம் வருகிறது. இடுப்பு உடைந்தவர் தேறுகிறார். ஒரு கீறலும் படாதவள் நான்.

அவர் மூச்சு விடும் சத்தம். அதைக் கேட்டால் ஆத்திரமாக இருக்கிறது. எழுதக் கூடாதுதான். எழுதிவிட்டேன்.

நாள் 115, 13:04
வடித்தேன். வடித்தேன் என்று நினைக்கிறேன். இல்லை, வடித்தேன், கை ஈரம்.

"அக்கா, வண்டிச் சக்கரம் பள்ளத்துல மாட்டி எடுத்திருக்காங்க. இன்னும் அறுபது கிலோமீட்டர் இருக்கு. ஆறு மணி நேரம். பேசிக்கிட்டே இருங்க, என்ன?"

ஆறு. ஒன்பது வடிப்பு. ஒன்பது. துரைசிங்கம் தூங்குகிறார். சுவரில் சாய மாட்டேன். நின்றுகொண்டே

நாள் 115, 13:08
நன்றாகத் தூங்கினேன். எட்டு மணி நேரம் இருக்கும். தலை இவ்வளவு லேசாக இருந்து எத்தனை நாளாயிற்று. கை நடுக்கம் நின்றுவிட்டது. மீட்பு வண்டி வந்துவிட்டது. வெளியே தட்டுகிறார்கள். நான்கு பேர், நல்லவர்கள், சிரிக்கிறார்கள். வண்டியைக் கதவோடு ஒட்டி நிறுத்தியிருக்கிறோம், கவச உடை தேவையில்லை என்கிறார்கள். துரைசிங்கத்தின் கட்டில் நீளம். வாசலின் இரட்டைக் கதவுக் காற்றறைக்குள் திரும்பாது. அதனால் இரண்டு கதவுகளும் ஒருசேரத் திறக்காமல் தடுக்கும் பூட்டைக் கழற்றி வைத்துவிட்டேன்.

"அக்கா, பூட்டு கழன்ற விளக்கு எரியுது. என்ன பண்ணுதீங்க? வண்டி இன்னும் வரல. நாலு நிமிசத்துக்கு முன்னாடிதான பேசுனோம்? அக்கா, கதவத் தொடாதீங்க. துரைசிங்கம் அண்ணன எழுப்புங்க. அக்கா!"

இசக்கிராஜ் கத்துகிறான். பாவம், மூன்று நாளாக அவனும் கண் மூடவில்லை, எதையோ பார்த்துப் பயப்படுகிறான். வந்தவர்களை உள்ளே விட்டதும் அவனைத் தூங்கச் சொல்ல வேண்டும். காத்திருக்க வைப்பது முறையல்ல. திறக்கப் போகிறேன்.