மூன்று சுற்றுக் கட்டு

மார்ச் 4, செவ்வாய்

அது தானியக் கப்பல் துறைமுக வாயிலில் தரைதட்டிய வருடம். மீன் சந்தை எரிந்ததும் எங்கள் தெருவுக்குக் கரண்ட் வந்ததும் அதே வருடம்தான். நான் கடைசியாக நங்கூரம் கட்டியதும் அப்போதுதான். இன்று மகள் ஒரு நங்கூரம் வாங்கி வந்து வாசலில் போட்டாள். சத்தம் கேட்டு எழுந்தவன், அப்புறம் உட்காரவே இல்லை.

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்ல, அவள் எழுதுகிறாள். "உங்க புலம்பல் நோட்டுலயாவது இருக்கட்டும்" என்றாள்.

மார்ச் 5

அவள் படகு சின்னது. ஆட்களைக் கூட்டிப்போய்க் கடலுக்கடியில் இறக்கி மீன் காட்டுகிறாள். ஆறு பேர் கீழே இருக்கும்போது படகு நகர்ந்தால்?

வாங்கி வந்தது நாலு கொக்கி நங்கூரம்.

"மணல்ல இது நிக்காது. கலப்பை மாதிரி இறங்கறதா வாங்கு."

"பாறையில போடுவோம்ப்பா."

"பவளத்தை உடைச்சுட்டு எதைக் காட்டுவே? செருப்பையா?"

இதையும் எழுது என்றேன். "என்னைத் திட்டறதை நானே எழுதணுமா?" எழுது.

மார்ச் 7

மாற்றி வாங்கிவிட்டாள். சங்கிலி படகு நீளத்துக்காவது வேண்டும். சங்கிலியும் கயிறும் சேர்த்து மொத்த நீளம் ஆழத்தைப் போல் ஐந்து மடங்கு. எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறாள். எனக்குத்தான் நிம்மதி இல்லை.

மார்ச் 9

சோறு இறங்கவில்லை.

மார்ச் 10

கடைக்காரர் சொன்னாராம் — சங்கிலியை நங்கூரத்தின் அடியில் பூட்டு, மேல் வளையத்தில் மெல்லிய கயிற்றால் மட்டும் கட்டு. எங்காவது சிக்கினால், பலமாக இழுத்தால் போதும். கட்டு அறுந்து நங்கூரம் புரண்டு விடுபடும். அவளும் அப்படியே மூன்று சுற்றுக் கட்டியிருந்தாள். கத்தியெடுத்து அறுத்துப் போட்டேன்.

"என்னப்பா ஆச்சு உங்களுக்கு?"

எழுதும்போதும் கேட்கிறாள். "நோட்டுக்காவது சொல்லுங்க." இன்றைக்கு வேண்டாம்.

மார்ச் 12

மறுபடி கட்டிவிட்டாள். சனிக்கிழமை ஆறு பேர் வருகிறார்களாம்.

மார்ச் 13

எழுதம்மா. நிறுத்தாமல் எழுது.

அந்த வருடம், சங்கு எடுக்க மூன்று பேர் கீழே இறங்கினார்கள். ஒருவர் உன் மாமா, என் அக்கா வீட்டுக்காரர். படகில் நான் மட்டும். முந்தின நாள் நங்கூரம் சிக்கி, அரை நாள் இழுத்துக் கையெல்லாம் புண். அதனால், சிக்கினால் சுலபமாக அறட்டும் என்று, மேல் வளையத்தில் ஆறு சுற்றுக் கட்டுகிற இடத்தில் மூன்றே சுற்றுப் போட்டேன். நீரோட்டம் திரும்பியது. கட்டு அறுந்தது, நங்கூரம் புரண்டது, படகு போயே போய்விட்டது. துடுப்புப் போட்டுப் பார்த்தேன் — முடியவில்லைம்மா, முடியவே இல்லை. இரண்டு பேரை இன்னொரு படகு தூக்கியது. மாமாவைக் காணோம்.

கரைக்கு வருமுன் நங்கூரக் கயிற்றை நானே வெட்டிக் கடலில் விட்டேன். கயிறு மட்டம், அறுந்துவிட்டது என்றேன். ஊர் நம்பியது. கயிறு விற்றவர் கடைக்கு அப்புறம் ஒரு ஆளும் போகவில்லை. இரண்டு வருடத்தில் மூடினார்.

பேனா நின்றது, மறுபடி ஓடியது. நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

மார்ச் 14

காலையிலேயே அந்தக் கட்டை அவிழ்த்தாள். மேல் வளையத்தில் சங்கிலியை இரும்புத் திருகுப் பூட்டுப் போட்டு முறுக்கினாள். சிக்கினால் எடுக்க, அடியிலிருந்து தனிக் கயிறு, நுனியில் மிதவை. நான் இழுத்துப் பார்த்தேன். அவளும் இழுத்தாள்.

கையைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "வேற யாருக்குத் தெரியும்?"

யாருக்கும் தெரியாது.

"யாருக்குத் தெரியணும்ப்பா?"

மாமாகூட இறங்கிய இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கயிறு விற்றவரும் போய்விட்டார். அவர் சாவுக்குக்கூட நான் போகவில்லை. வண்டியை எடுக்கச் சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டேன். இன்னும் இருப்பது அக்கா.