கேற்றடியில் நீ நின்ற ஆறு வருடம்

என் கலா அக்காவுக்கு,

நீ இருக்கிற இடத்துக்குக் கடிதம் வந்து சேருமா என்று எனக்குத் தெரியாது. சேர்ந்தாலும் என் கையெழுத்து உனக்கு விளங்கவா போகிறது? "கந்தோர்ல எழுதியெழுதியே சம்பளம் எடுக்கிறாய், எழுத்து மட்டும் கோழி கிளறின மாதிரி" என்று எத்தனை தரம் சொல்லியிருப்பாய். இன்றைக்கு நிதானமாக எழுதுகிறேன். வேறு யாராவது எடுத்து வாசித்தாலும் வாசிக்கட்டும். ஒளித்தது போதும்.

நீ போய் ஏழு மாதமாகிறது. அம்மாவுக்கு முழங்கால் வீக்கம் கொஞ்சம் வற்றியிருக்கிறது. சவளக்கடையில் அறுவடை முடிந்துவிட்டது. வீதியோரம் முழுக்க நெல் காயப் போட்டிருக்கிறார்கள், மோட்டார் சைக்கிளைக் கொண்டுபோக வழியில்லை. உன் பாலர் பாடசாலைக்குப் படிப்பிக்க ஒரு புதுப் பிள்ளை வந்திருக்கிறாள். குழந்தைகள் அவளையும் 'கலா ரீச்சர்' என்றுதான் கூப்பிடுகிறார்களாம். அவள் அவர்களைத் திருத்தவில்லையாம்.

சொல்லச் சுகமான செய்திகள் இவ்வளவுதான்.

நமது பாண்டிருப்புச் சந்தியில் உன் மரண அறிவித்தல் பெனர் இன்னும் தொங்குகிறது. ஒருவரும் கழற்றவில்லை, நானும் கழற்றவில்லை. வெயிலில் உன் முகம் வெளுத்து, கண் இரண்டும் வாயும் மட்டும்தான் தெரிகின்றன. மேல் மூலையில் இருக்கிற நீலப் பூ மட்டும் நேற்று அச்சடித்ததைப்போல நிற்கிறது. கந்தோருக்குப் போகும்போது ஒரு தரம், வரும்போது ஒரு தரம் அதைத் தாண்டுகிறேன். தலையைக் குனிந்துகொண்டுதான் போகிறேன். ஹெல்மெட் போட்டிருப்பதால் யாருக்கும் தெரிவதில்லை.

அந்தப் பூவைப் போடச் சொன்னது நான். அன்றைக்கு உன்னைச் சவளக்கடையில் நீ ஜெபத்துக்குப் போகிற சபை வீட்டில் கிடத்தியிருந்தார்கள். பாலர் பாடசாலைப் பிள்ளைகளை அனுப்பிவிட்டு வந்து கதிரையில் இருந்தவள் பிறகு எழும்பவில்லை என்று சொன்னார்கள். உறவுக்காரருக்கு அறிவிக்க வேண்டுமே என்று நான் கல்முனைக்கு ஓடினேன். அச்சகம் வைத்திருக்கிற நிசாம் நாநாவை உனக்குத் தெரியும். சபையின் பாட்டுத் தாள்களை அவரிடம்தானே அடிப்பீர்கள். உன் படத்தைக் கம்பியூட்டரில் ஏற்றிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, மேல என்ன போடுற? குத்துவிளக்கா, சிலுவையா? அக்கா சேர்ச்சுக்குப் போறவதானே?"

அவர் எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான். சிலுவை போட்டால் பெரியப்பா பார்ப்பார், கோயில் நிர்வாகத்து ஆட்கள் பார்ப்பார்கள், 'இவனுமா?' என்பார்கள். விளக்குப் போட்டால் உன் முகத்தை நான் எப்படிப் பார்ப்பது?

"பூ ஒண்டைப் போடுங்க நாநா."

"பூவா?" என்று என்னைப் பார்த்தார். "சரி, உங்கட விருப்பம். பூ எல்லாருக்கும் பொதுதானே."

அடக்கத்திலும் அதேதான் நடந்தது. போதகர் குழியடியில் நின்று, "குடும்பத்தில் இருந்து ஒருவர் சகோதரியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லலாம்" என்று கூப்பிட்டார். குடும்பம் என்று அங்கே நின்றது நான் ஒருவன்தான். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் காத்திருந்தார். பிறகு பாட்டைத் தொடங்கிவிட்டார். உன்னோடு சோறு பகிர்ந்து சாப்பிட்ட அந்தப் பத்துப் பதினைந்து பேரும் என்னைப் பார்த்த பார்வை இன்னும் முதுகில் இருக்கிறது. அதில் கோபம் இல்லை. பாவம், இவருக்கு இது ஒன்றும் தெரியாது என்று நினைத்தார்கள்.

எனக்குத் தெரியும் என்பது உனக்கு மட்டும்தான் தெரியும்.

எட்டு வருடத்துக்கு முன் நீ ஞானஸ்நானம் எடுத்தபோது வீட்டில் விழுந்த இடியை நான் மறக்கவில்லை. பேசி முடித்திருந்த கலியாணம் நின்றது. சபைக்காரர் கொடுக்கிற கூரைத் தகரத்துக்கும் பால்மாவுக்கும் மதம் மாறிவிட்டாள் என்று ஊர் சொன்னது. நீ அவர்களிடம் ஒரு தேங்காய்கூட வாங்கியதில்லை. அம்மா, "உள்ளுக்கு வராத" என்றார். நீ சண்டை பிடிக்கவில்லை. இரண்டு பேக்குடன் சவளக்கடைக்குப் போய், சபை வீட்டுக்குப் பின்னால் ஓர் அறை எடுத்துக்கொண்டாய்.

அதன் பிறகு மாதத்தில் ஒரு நாள் வருவாய். கேற்றுக்கு வெளியே நிற்பாய். நீ கொண்டுவருகிற எருமைத் தயிர்ச் சட்டியை அம்மா கேற்றுக்கு மேலால் வாங்குவார். "சுகமா?" "ஓம் அம்மா." "சாப்பிட்டியா?" "ஓம் அம்மா." அவ்வளவுதான் கதை. நான் உள்ளே கதிரையில் இருந்து பேப்பர் பார்ப்பேன். அந்தத் தயிரில் பாதியைச் சாப்பிட்டவனும் நான்தான்.

நான் முதன்முதலில் சபைக்கு வந்தது அம்மா அனுப்பித்தான். "அவளுக்கு நல்ல புத்தி சொல்லிக் கூட்டிட்டு வா மனே" என்றார். நல்ல புத்தி சொல்ல வந்தவன் யன்னலுக்கு வெளியே மோட்டார் சைக்கிளில் இருந்தபடி பிரசங்கத்தைக் கேட்டேன். அடுத்த கிழமையும் வந்தேன். எந்த அற்புதமும் நடக்கவில்லை அக்கா, எனக்கு ஒரு தடிமன்கூட மாறவில்லை. ஆனால் யாரோ என்னை முழுக்கத் தெரிந்துகொண்டு, தெரிந்த பிறகும் போகாமல் நிற்கிறார் என்று விளங்கிற்று. அதற்கு மேல் எனக்கு விளக்கத் தெரியவில்லை.

ஒரு மாரியில் கிட்டங்கித் தாம்போதிப் பாதையை வெள்ளம் மூடியிருந்தது. நீ பின்னால் இருந்தாய். தண்ணீர் வடியட்டும் என்று மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு நின்றோம். அங்கேதான் சொன்னேன், உன்னைப் பார்க்காமல், தண்ணீரைப் பார்த்துக்கொண்டு.

"அக்கா, நானும் அவரை விசுவாசிக்கிறன்."

நீ என் முதுகில் ஓங்கி ஓர் அடி போட்டாய். சந்தோசம் வந்தால் உனக்குக் கைதானே முதலில் வரும். பிறகு கேட்டாய்.

"வேற ஆருக்குச் சொன்னாய்?"

"உனக்கு மட்டும்தான்."

"சரி. இனி மத்தாக்களுக்கு நீதான் சொல்லோணும். உன்ட வாயால. நான் ஒரு நாளும் சொல்லிக்குடுக்க மாட்டன்."

நீ யாரிடமும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆறு வருடம் கேற்றடியில் நின்று, என் பெயரைச் சொன்னால் உன் பாரம் பாதி குறையும் என்று தெரிந்தும் சொல்லாமலே போய்விட்டாய். நான் அதை உன் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தேன். கந்தோரில் பிடிக்காத கோப்பை அடியில் வைக்கிறதைப்போல என் விசுவாசத்தையும் அடியில் வைத்துவிட்டேன். மனதில் இருந்தால் போதும், கர்த்தருக்கு மனம் தெரியும்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இப்போது காலையில் கண்ணாடியில் பார்த்துத் திருநீறு பூசும்போது, "வேற ஆருக்குச் சொன்னாய்?" என்று உன் குரல் கேட்கிறது. திரும்பிப் பார்ப்பேன். வசந்தி சமையலறையில் இருப்பாள். ஒரு நாள் தாங்க முடியாமல் அவளிடம் சொன்னேன். என் பெண்டாட்டியை உனக்குத் தெரியும்தானே, தேங்காய் திருவுவதை நிறுத்தவில்லை.

"எனக்கு அது எப்பவோ தெரியும். பைபிளை உடுப்பு அலுமாரிக்குள்ள ஒளிச்சு வெச்சா, உடுப்பு மடிக்கிறது ஆரு?"

சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. இவ்வளவு கெட்டிக்காரத்தனமாகத்தான் ஒளித்திருக்கிறேன்.

இனி போன வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். அதற்காகத்தான் இந்தக் கடிதமே.

பின்னேரம் பெரியப்பா வந்தார். அம்மன் கோயில் சடங்கு கிட்ட வருகிறது. அம்மாவும் விறாந்தையில் இருந்தார். வசந்தி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள்.

"இந்தமுறை நீதான் செயலாளர். எல்லாரும் சேந்து முடிவெடுத்திட்டம். காப்பும் நீதான் கட்டோணும்" என்றார் பெரியப்பா.

காப்புக் கட்டுவது விளையாட்டு இல்லை என்று உனக்குத் தெரியும். அந்தத் தாயை நம்பி, விரதம் இருந்து, உயிரைக் கொடுத்து நிற்கிற சனத்துக்கு முன்னால் நான் பொய்க் கையை நீட்ட வேண்டும். உன்னை ஏமாற்றியது போதாதென்று அவர்களையும் ஏமாற்ற வேண்டுமா?

"எனக்கு ஏலாது பெரியப்பா."

"ஏன்? வருத்தமா?"

"இல்ல. நான் இயேசுவை விசுவாசிக்கிறன். ஆறு வருசமா."

சொல்லிவிட்டேன் அக்கா. பெரியப்பா முதலில் சிரித்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். "செத்தவள் இவனையும் இழுத்திட்டுப் போறாள்" என்றார். "எவ்வளவு குடுத்தானுகள்?" என்றார். தேத்தண்ணியைத் தொடாமல் எழும்பிப் போய்விட்டார். ஊருக்கெல்லாம் பொழுதுபடுவதற்குள் தெரிந்துவிட்டது.

அம்மாவுக்குக் கொள்ளி வைக்க இருக்கிற ஒரே மகன் நான். கத்துவார், தலையில் அடித்துக்கொள்வார், என்னையும் வெளியே போகச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். எல்லாவற்றுக்கும் ஆயத்தமாக நின்றேன்.

"அவளுக்குத் தெரியுமா?" என்றுதான் அம்மா கேட்டார்.

"ஓம் அம்மா. அப்ப அக்காவுக்கு மட்டும்தான் தெரியும்."

அம்மா கேற்றைப் பார்த்தார்.

"அவள் இதில வந்து நிக்கக்குள்ள எல்லாம், நீ உள்ளுக்கு இருந்து பாத்துக்கிட்டா இருந்த?"

ஓம் என்று தலையாட்டினேன்.

"ஒருத்தி தனிய நிண்டு சொன்னா பைத்தியம் எண்டுதான் நினைப்பாங்க. நானும் அப்படித்தான் நினைச்ச. ஆரோ வசிய மருந்து போட்டுட்டாங்க எண்டு நேர்த்தி வெச்சன். நீயும் அவளுக்குப் பக்கத்தில வந்து, நானும்தான் அம்மா எண்டு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, என்னடா இது, ரெண்டு புள்ளயளும் சொல்லுதுகளே எண்டு இருந்து கேட்டிருப்பன். அவளை உள்ளுக்கு எடுத்திருப்பன் மனே. என்ட கையால ஒரு வாய் சோறு குடுத்திருப்பன்."

அக்கா, அம்மாவை அப்படி நான் பார்த்ததில்லை. நான் விசுவாசிப்பதற்காக அவர் என்னைத் திட்டவில்லை. உன்னைத் தனியே விட்டதற்காகத்தான் திட்டினார். நான் ஒளித்ததால் கர்த்தருக்கும் எனக்கும் இடையில்தான் ஒரு கணக்கு என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். அவர் மன்னிப்பார், அதை நம்புகிறேன். ஆனால் அந்தக் கேற்றைத் திறந்திருக்கக்கூடிய ஒரே திறப்பு என் வாயில் இருந்திருக்கிறது. விசுவாசத்தை வாய்விட்டுச் சொல் என்று வேதத்தில் ஏன் நமக்குச் சொல்லியிருக்கிறது என்று, அந்த வார்த்தையை வாசித்ததே இல்லாத அம்மாதான் எனக்கு விளங்கப்படுத்தினார். இது உனக்குத் தெரிந்திருந்ததா? தெரிந்துதான் என்னை வற்புறுத்தாமல் விட்டாயா?

மறுநாள் காலையில் அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அப்ப எனக்கு ஆரு கொள்ளி வைக்கிற?" "நான் உங்களை விட்டுட்டு எங்கயும் போக மாட்டன் அம்மா" என்றேன். "கேட்டதுக்கு அது பதில் இல்லை" என்றார். உண்மைதான். இந்தக் கேள்வியோடு இனி நாங்கள் இருவரும் ஒரே வீட்டில் இருக்க வேண்டும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை விடிய, கடலில் எனக்கு ஞானஸ்நானம். தண்ணீருக்குள் இறங்குமுன் சாட்சி சொல்லச் சொல்லிக் கேட்பார்கள். வழக்கமாக எல்லாரும் தாங்கள் எப்படி விசுவாசத்துக்கு வந்தோம் என்று தொடங்குவார்கள். நான் அப்படித் தொடங்க மாட்டேன். எனக்கொரு அக்கா இருந்தாள், அவள் என் தாயின் வாசலில் தனியே நின்றாள், நான் உள்ளே இருந்தேன் என்று தொடங்குவேன். உன்னைத் தெரிந்த அந்தப் பத்துப் பதினைந்து பேர் முன்னாலும் சொல்லுவேன், வலை இழுக்கிற மீன்காரர் நின்று பார்த்தாலும் சொல்லுவேன். அழுகை வந்தால் அழுதுகொண்டே சொல்லி முடிப்பேன். இது உனக்கு நான் தருகிற வாக்கு.

உன்னைத் தனியே நிற்க விட்டுவிட்டு
உன் தயிரைச் சாப்பிட்ட
உன் தம்பி,
ரவி