கெரிம்கூல் மாமாவைக் காட்டிக்கொடுத்த கணக்கு

காரா-தால் கிராமம்,
மார்ச் மாதம்.

அன்பு மகள் சிர்காவுக்கு அப்பா எழுதுவது. இங்கே ஆளும் சுகம், மந்தையும் சுகம். நீ அந்த நார்வே குளிரில் நோய்நொடி இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, நிம்மதியாகத் தூங்க வேண்டும் என்று ஒவ்வொரு சாப்பாடு முடிந்து கையேந்தி வேண்டும்போதும் நானும் உன் அம்மாவும் கேட்டுக்கொள்கிறோம். வாராவாரம் போனில் பேசிக்கொண்டுதானே இருக்கிறோம், இப்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் வாயைத் திறந்தால் நீ உடனே அப்பா உன் முதுகு வலி எப்படி இருக்கு என்று பேச்சைத் திருப்பிவிடுவாய், கடிதத்தை அப்படித் திருப்ப முடியாது பார், அதனால்தான். உன் ஆராய்ச்சித் தோழி கனிஷாய் அடுத்த வாரம் உங்கள் பல்கலைக்கழகத்துக்கு வருகிறாள், அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன். கூடவே அம்மா உலர்தயிர் உருண்டை ஒரு பை கட்டிவைத்திருக்கிறாள், விமான நிலையத்தில் பிடுங்கிக்கொள்வார்களோ என்று அவளுக்கு ஒரே கவலை. நம் சாம்பல் பெட்டைக் குதிரை குட்டி போட்டுவிட்டது, நெற்றியில் வெள்ளைச் சுட்டி, பிறந்த நாளே ஓடப் பார்த்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி இருக்கிறது, ஆனால் பிரசவம் பார்க்கும் ஊர் மருந்தக வேலைக்கு லீவு போடச் சொன்னால் என் மேல் பாய்கிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். ஜனவரி மாதம் ஆராய்ச்சிக் கூட்டத்தில் நம் ஆற்றுப் பனியைப் பற்றிய உன் கணக்கு தப்பாகப் போனது, எல்லார் முன்னாலும் திரையில் போட்டுக் காட்டினார்கள், பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள், ஆஸ்லோவில் ஒரு வங்கி உன்னை வேலைக்குக் கூப்பிடுகிறது, போகப் போகிறாய் என்று நீ தன்னிடம் அழுததாக அம்மா சொன்னாள். நான் நெனச்ச ஆறு வேற, நெஜ ஆறு வேறம்மா என்று நீ சொன்னாயாம். அந்த ஒரு வார்த்தை என் மனதில் முள்ளாகத் தைத்துக்கொண்டது. வங்கி வேலை கெட்ட வேலை என்று நான் சொல்ல மாட்டேன், போவது உன் இஷ்டம். ஆனால் பிப்ரவரியில் கனிஷாய் இங்கே வந்து தங்கியபோது நடந்தது உனக்கு முழுசாகத் தெரியாது. இங்கே அளந்த எண்களை அவள் இரண்டு முறை அனுப்பினாளாம், நீ நன்றி, பிறகு பார்க்கிறேன் என்று ஒரு வரி எழுதிவிட்டுத் திறக்கவே இல்லையாம். எண்களில் உன் கெரிம்கூல் மாமா எப்படிக் கத்தினார் என்பதெல்லாம் இருக்காது, அதனால் நான் எழுதுகிறேன்.

பிஷ்கெக்கிலிருந்து அவள் வந்து இறங்கியபோது பெட்டி நிறைய மெல்லிசான வெப்பமானிகள், ஆளோ ஒல்லி, நம் வீட்டு நாய் குரைத்ததற்கே இரண்டடி பின்னால் போனாள். உன் அறையில்தான் படுத்துக்கொண்டாள். நான் நாற்பது வருஷமாக மாட்டுக்கும் குதிரைக்கும் வைத்தியம் பார்த்தவன், நம் ஆற்று மின்நிலையம் என்றால் சுவிட்ச் போட்டால் விளக்கு எரியும் என்பதோடு சரி. இந்தப் பெண் ஆற்றில் என்னதான் தேடுகிறாள் என்று பார்க்கப் போனவன், பிறகு தினமும் அவள் பின்னாலேயே அலைய ஆரம்பித்துவிட்டேன். நிலையத்தைப் பார்த்துக்கொள்ளும் சாபிர் கூட, டாக்டரே, உங்க நோயாளிங்கல்லாம் கொட்டகையில காத்திருக்கு, நீங்க இங்க ஆத்துக்கு நாடி பிடிக்கிறீங்களா என்று கேலி செய்தான். தண்ணீர் உறைநிலைக்கும் கீழே ஒரு மயிரிழை இறங்கியும் உறையாமல் ஓடும் என்று நீ எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாய், நான் ம்ம் என்று தலையாட்டியிருக்கிறேன், இப்போதுதான் கண்ணால் பார்த்தேன். கனிஷாய் ஒரு வாளியில் மொண்டு காட்டினாள், தெளிந்த தண்ணீர், அதற்குள் மீன் செதில் மாதிரி பொடிப்பொடியாகச் சுழல்கிறது, இரும்புக் கரண்டியை விட்டதும் எல்லாம் ஓடிவந்து அதில் ஒட்டிக்கொண்டது. மின்நிலைய வாயில் இருக்கும் கம்பித் தட்டியையும் இப்படித்தான் அடைக்கிறது. எனக்கு உடனே குதிரை ரத்தம் உறைவது ஞாபகம் வந்தது, அது ஏன் ஓடும்போது ஒட்டாமல் ஒரு இடத்தில் போய் ஒட்டுகிறது என்று அவளைக் கேட்டேன். அவள் சிரித்துவிட்டு, மாமா, இதையேதான் சிர்காவும் மூணு வருஷமா கேட்டுக்கிட்டிருக்கா என்றாள், என்னையும் மாமா என்றுதான் கூப்பிடுகிறாள்.

இப்போது உன் கணக்கு. ஆறு டிசம்பரிலேயே முழுக்க மூடிவிட்டது என்று சாபிர் சொல்லித்தான் நீ கணக்குப் போட்டாய். அவன் பொய் சொல்லவில்லை, பாலத்தில் நின்று பார்த்தால் கண்ணுக்கு எட்டிய மட்டும் வெள்ளைதான். மேலே பனிக்கூரை இருந்தால் தண்ணீர் வானத்தைப் பார்க்காது, அப்படியானால் இந்தச் செதில் பனி உண்டாகாது, தட்டி அடைபடாது, இதுதானே நீ சொன்னது. ஆனால் ஜனவரியில் அடைத்துக்கொண்டது, ஊரே இருட்டானது, உன் கணக்கும் சிரிப்பாய்ச் சிரித்தது. கனிஷாய் என்ன செய்தாள் தெரியுமா, உன் கணக்கைத் தலைகீழாகத் திருப்பினாள். தட்டியில் சேர்ந்த பனி இவ்வளவு, அன்றைய குளிர் இவ்வளவு, அப்படியானால் எவ்வளவு தண்ணீர் திறந்து கிடந்திருக்க வேண்டும் என்று அதனிடமே கேட்டாள். நம் சமையலறை மேஜையில் தேநீர் ஆறிப்போக உட்கார்ந்திருந்தவள் திடீரென்று நிமிர்ந்து, மாமா, மேல ஒரு எடம் தெறந்து கெடக்கு, சின்ன எடம் இல்ல, நம்ம பள்ளிக்கூட மைதானம் அளவு, ஆத்து வளைவுக்கு அந்தப் பக்கமா இருக்கணும் என்றாள். சாபிர் சத்தியம் செய்தான், அப்படி ஒன்றும் கிடையாது என்று. நானும் நம்பவில்லை. பார்த்துவிடலாம் வா என்று அவளைக் கிழட்டுப் பழுப்புக் குதிரையில் ஏற்றி, கடிவாளத்தை நானே பிடித்துக்கொண்டு கிளம்பினோம், வழியெல்லாம் அவள் பிடரிமயிரை இரண்டு கையாலும் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டு வந்தாள்.

முட்புதர்க் காட்டைச் சுற்றி வளைவைத் தாண்டினோம், என் கண்ணையே என்னால் நம்ப முடியவில்லை. கரையோரமாக நீளத்துக்கு ஆறு கறுப்பாகத் திறந்து கிடக்கிறது, ஆவி பறக்கிறது, ஓரத்தில் வரிசையாக நின்று குதிரைகள் தண்ணீர் குடிக்கின்றன. நடுவில் கோடரியும் கையுமாக உன் கெரிம்கூல் மாமா. என்ன மச்சான், விருந்தாளியோட வந்திருக்க, முன்னாடியே சொல்லியிருந்தா ஆடு வெட்டியிருப்பேனே என்று ஒன்றும் அறியாதவர் மாதிரி சிரிக்கிறார். கனிஷாய் அவரைப் பார்க்கவே இல்லை, தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள், பிறகு காலால் நடந்து அளந்தாள், கன்னத்தில் கண்ணீர் ஓடி அங்கேயே உறைந்தது. அவள் சொன்ன அளவுக்கும் அந்த இடத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சிர்கா, எத்தனையோ மைல் தள்ளி உட்கார்ந்து நீ எழுதிய நாலு வரி, ஊர்க்காரன் கண்ணுக்கே படாத ஒன்றை இங்கே சொல்லிவிட்டது. உன் கணக்கு பொய் சொல்லவில்லை, நம் ஊர் அதனிடம் அரைகுறையாகச் சொன்னது, அவ்வளவுதான்.

மாமா பக்கமும் நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். போன குளிர்காலத்தில் சின்னக் குழியில் தண்ணீர் காட்டும்போது குதிரைகள் முட்டிமோதி, சினைக் குதிரை ஒன்று வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்தது, நான்தான் போய்ப் பார்த்தேன், காப்பாற்ற முடியவில்லை. அதனால்தான் இந்த வருஷம் நீளமாக வெட்டிவிட்டார், வேகமான தண்ணீர் மீதிப் பனியைத் தானே தின்று அகலமாக்கிக்கொண்டது. இதனால்தான் கரண்ட் போகிறது, இதை மூட வேண்டும் என்று நான் சொன்னதும் மனிதர் கொதித்துவிட்டார். கணக்குப் போட்டு என் குதிரைங்கள தாகத்துல சாகடிக்கப் போறாளா உன் பொண்ணு, அவளுக்கு மொத மொதல்ல சேணத்துல ஏறக் கத்துக்குடுத்தவன் நான், ஊருல யார் வீட்டு வெளக்கு அணைஞ்சா எனக்கென்ன, எங்கிட்ட லாந்தர் இருக்கு என்று ஆறு அதிரக் கத்தினார். அப்படியும் கனிஷாயைக் குளிரில் நிற்கவைக்க மனம் வராமல், தன் ஆட்டுத்தோல் கோட்டைக் கழற்றி அவள் தோளில் போட்டுவிட்டுத்தான் மேற்கொண்டு கத்தினார்.

அன்று மாலை அவர் கோபத்தோடேயே நம் வீட்டுக்கு வந்தார், அம்மா தேநீர் ஊற்றினாள். உன் அம்மாவைத்தான் உனக்குத் தெரியுமே, அண்ணனை எதிர்த்து ஒரு சொல் சொல்ல மாட்டாள். கிண்ணத்தை நீட்டிக்கொண்டே சொன்னாள், அண்ணே, ஜனவரியில வெளக்கு போச்சே அன்னிக்குக் கடைக்காரர் மருமகளுக்குக் கொறமாசத்துல பொறந்துச்சு, சூடு குடுக்குற பெட்டி நின்னுபோச்சு, நான் என் சட்டைக்குள்ளயே புள்ளய வெச்சுக்கிட்டு வறட்டி அடுப்பு பக்கத்துல உக்காந்திருந்தேன், மூச்சு இருக்கா இருக்கான்னு கையை வெச்சுப் பாத்துக்கிட்டே இருந்தேன், இப்ப நல்லா இருக்கு அண்ணே, கொழுகொழுன்னு இருக்கு, இன்னும் கொஞ்சம் சர்க்கரை போடவா. அவ்வளவுதான் சொன்னாள். மாமா கிண்ணத்தைக் கீழே வைத்தார். பிறகு கனிஷாய் பக்கம் திரும்பி, சரி பொண்ணு, மூடறேன், ஆனா என் குதிரைங்க எங்க குடிக்கும், அதையும் உன் கணக்கு சொல்லட்டும் என்றார்.

சொல்லிற்று. ஒரு ஆள் அகலத்துக்குக் குழி இருந்தால் ஒன்றும் ஆகாது என்று அவள் கணக்குப் போட்டுச் சொன்னாள். அந்தக் குழியிலிருந்து மோட்டார் வைத்து இறைத்து, பனியை விட்டுத் தள்ளிக் கரையில் நீளமான தொட்டியில் விடுவது, தொட்டியைச் சுற்றிச் சாம்பலும் சாணியும் கொட்டிக் குளம்பு வழுக்காமல் செய்வது என்று முடிவானது, சாம்பல் யோசனை என்னுடையது. மாமா விடவில்லை, நல்லா இருக்கு உங்க ஏற்பாடு, கரண்ட் வேணும்னா நான் தண்ணிய மூடணும், தண்ணி வேணும்னா எனக்குக் கரண்ட் வேணும், ரெண்டும் இல்லேன்னா நானும் குதிரையும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டு நிக்கணும் என்றார், சாபிர் விழுந்து விழுந்து சிரித்தான். ஆனால் மறுநாள் முதல் ஆளாகக் கம்புகளும் நாணல் கட்டும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தவர் அவர்தான். கறுப்பாகக் கிடந்த தண்ணீர் மேல் அதைப் பரப்பி, பனி பிடிக்க விட்டோம், குளிர் மிச்ச வேலையைப் பார்த்துக்கொண்டது.

மாதக் கடைசியில் ஜனவரி மாதிரியே ஒரு குளிர் வந்தது, வானம் துடைத்துவிட்ட மாதிரி, மூக்கு ஒட்டிக்கொள்ளும் குளிர். இந்தத் தடவை அடைக்காது என்று உன் கணக்கு சொல்கிறது என்றாள் கனிஷாய். விடிவதற்கு முன்பே எல்லாரும் நிலையத்தில் கூடிவிட்டோம், மாமாவும் வந்துவிட்டார். தட்டியில் மெல்லிய பனிதான், சக்கரம் நிற்கவில்லை. சாபிர் தொப்பியைத் தூக்கி எறிந்தான். அப்புறம் சூரியன் மலைக்கு மேலே வந்து ஆற்றைத் தொட்டதும் பார்த்தால், தட்டிக்கு முன்னால் எந்தக் குளிரிலும் மூடாத சின்னப் பாறைச் சலசலப்பு இருக்கிறதே, பாலத்திலிருந்து பார்த்தால் தெரியாது, அதன் அடியிலிருந்து பஞ்சு மாதிரிப் பனி மூட்டைமூட்டையாகக் கிளம்பி மேலே வருகிறது. காற்று இன்னும் கடுங்குளிர்தான், ஒரு துளியும் உருகவில்லை, ஆனாலும் வருகிறது. பனிக்குள்ளே கல் சிர்கா, ஆற்றடிக் கல்! கூழாங்கல்லைக் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு மிதந்து வருகிறது. சாபிர் கத்திக்கொண்டே பனி இழுக்கும் வாரியை எடுத்துக்கொண்டு ஓடினான், மாமாவும் நானும் கூட வாரினோம், விளக்கு மங்கி மங்கி எரிந்தது, அணையவில்லை, சூரியன் நன்றாக ஏறியதும் ஆறு பழையபடி தெளிந்துவிட்டது. நான் மூச்சு வாங்கிக்கொண்டே கனிஷாயைத் திரும்பிப் பார்த்தேன், கணக்கு மறுபடி தோற்றுவிட்டது என்று அழப்போகிறாளோ என்று. அவள் முதல் பனியைக் கண்ட குழந்தை மாதிரிக் குதிக்கிறாள். இது சிர்கா கணக்குல இல்ல மாமா, எங்க யார் கணக்குலயும் சரியா இல்ல என்று கத்துகிறாள். இல்லை என்பதற்கு இவ்வளவு சந்தோஷமா என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு, காரணம் தெரியாத நோயோடு ஒரு மிருகம் வந்து நின்றால் எனக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன், விளங்கிவிட்டது.

மிதந்து வந்த கற்களில் ஒன்றை மாமா எடுத்துக் கழுவி, துணியில் முடிந்து கொடுத்திருக்கிறார், கனிஷாய் கொண்டுவருவாள், என் கட்டைவிரல் பருமன்தான். இராத்திரி எல்லாம் அடியில் ஒட்டிக்கிடந்த பனி வெயில் பட்டதும் ஏன் பிடியை விடுகிறது, உருகாமலே எப்படி விடுகிறது, கல்லை ஏன் விட மனமில்லாமல் கூட்டிவருகிறது என்று தினமும் யோசிக்கிறேன், மாடு பார்க்கப் போன இடத்தில் கூட யோசிக்கிறேன். கனிஷாயைக் கேட்டால் சிர்காவைக் கேளுங்கள் என்கிறாள். நீ வங்கிக்குப் போனாலும் என் மகள்தான், அம்மா உனக்கு அதே உலர்தயிர்தான் கட்டி அனுப்புவாள், நானும் ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன். போவதாக இருந்தால் மட்டும், இதை நான் இனி யாரிடம் கேட்பது என்று சொல்லிவிட்டுப் போ கண்ணு.

உன் பாதை திறந்திருக்கட்டும், உன் பக்கத்தில் நல்ல மனிதர்கள் இருக்கட்டும், நீ பசியோடும் தனியாகவும் படுக்கும் நாள் வராமல் போகட்டும். இதைச் சொல்லி, வேண்டுதல் முடிக்கும் வழக்கப்படி நானும் அம்மாவும் இரண்டு கையாலும் முகத்தைத் தடவிக்கொண்டோம். கம்பளிக் காலுறையை மறக்காமல் போடு, ஈரமாக இருந்தால் உடனே மாற்று. நவ்ரோஸ் பண்டிகை அன்று மாமாவுக்குப் போன் செய், காத்திருக்கவே இல்லை என்பார், காலையிலிருந்து போனைக் கையிலேயே வைத்திருப்பார்.

என்றும் உன் நலம் கேட்கும்
அப்பா தோரோன்பெக்