எட்டுக் கால் போட்ட கோப்பை

என் மேசைமேல் ஒரு பீங்கான் கோப்பை இருக்கிறது. நேற்றுக் கொடுத்தார்கள். சுற்றி வைத்திருந்த தெர்மாகோலின் வாடை இன்னும் அதைவிட்டுப் போகவில்லை. வெள்ளைக் கோப்பையில் பச்சை நிறத்தில் ஒரு பிராணியின் படம். உருண்டைக் கண்கள், சிரிக்கிற வாய், எட்டுக் கால். நீ பார்த்திருந்தால் முதலில் கால்களைத்தான் எண்ணியிருப்பாய்.

காலையில் அதில் காபி ஊற்றினேன். ஒரு வாய் குடிப்பதற்குள் குமட்டியது. சிங்க்கில் கொட்டிவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

அந்த இலை நினைவிருக்கிறதா? நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம், பிளஸ் ஒன் பிள்ளைகள் பறித்துக்கொண்டு வந்தார்களே. பள்ளிச் சுவரோரம், தொழிற்சாலை வாசலுக்கு எதிரே நிற்கிற நுணா மரத்து இலை. "டீச்சர், மரத்துக்கு அம்மை போட்டுகீது" என்று மேசையில் போட்டார்கள். மேல்பக்கம் முழுக்கக் கடுகு கடுகாய்ப் புடைப்புகள், அடியில் ஈரப் பிசுபிசுப்போடு பழுப்பு ரோமம். தொட்டதும் கை கூசியது. தூரப் போட்டுவிட்டுக் கை கழுவச் சொன்னேன். ஆய்வக உதவியாளரான நீதான் அதைக் குப்பைக் கூடையிலிருந்து எடுத்தாய். ஒரு புடைப்பைப் பிளேடால் கீறி மைக்ராஸ்கோப்பில் வைத்தாய்.

"டீச்சர், வந்து பாருங்க. உள்ள இன்னாவோ நெளியுது."

பார்த்தேன். கேரட் மாதிரி முன்பக்கம் தடித்துப் பின்பக்கம் ஒடுங்கிய வெளிறிய உடம்பு. "புழு" என்றேன்.

"புழுவுக்கு ஏது காலு? தலைகிட்ட நாலு கீது பாருங்க."

"பூச்சின்னா ஆறு கால், சிலந்தி வகைன்னா எட்டு. நாலுன்னு ஒண்ணு கிடையாது. புத்தகத்துல இருக்கு."

"புத்தகத்த அது படிச்சுகீதா டீச்சர்?"

வகுப்பே சிரித்தது. நான் இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை. பிறகு மனசு கேட்காமல், உன்னையும் அழைத்துக்கொண்டு வேளாண் கல்லூரிப் பேராசிரியர் ஒருவரிடம் இலைகளை எடுத்துப் போனேன். அவர் பார்த்ததும் சொல்லிவிட்டார். செடியின் சாற்றை உறிஞ்சி வாழும் சிலந்திப்பேன். தேங்காயைச் சொரசொரப்பாக்குகிறதே, அந்தக் குடும்பம். சிலந்திக்கு உறவுதான், ஆனால் இந்தக் குடும்பத்துக்கு மட்டும் நான்கே கால்.

திரும்பும்போது ஒரகடம் சந்திப்பில் ஷிப்ட் விட்ட கம்பெனிப் பேருந்துகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு நின்றோம். நீ வெற்றிச் சிரிப்பு சிரிப்பாய் என்று காத்திருந்தேன். "உங்க மேல தப்பில்ல டீச்சர். நீங்க எண்ணல, அவ்ளோதான்" என்றாய்.

நம்முடையது புதிய இனமாக இருக்கலாம் என்று பேராசிரியர் சொன்னபோது, நாளைக்கே பேப்பரில் வந்துவிடும் என்று நாம் நினைத்தோம். ஆனால் ஒன்றைப் புதியது என்று சொல்ல வேண்டுமானால், அது ஏற்கெனவே தெரிந்த இனங்களில் எதுவும் இல்லை என்று காட்ட வேண்டும். நம் பள்ளியில் படித்த இரட்டைப் பெண்களை யோசித்துப் பார். ஒரே உயரம், ஒரே ரிப்பன். இடது புருவத்துத் தழும்பை வைத்துத்தான் மூத்தவளைக் கண்டுபிடிப்போம். அப்படித் தழும்பு தேடுகிற வேலைதான் இது. முதுகில் எத்தனை வளையம், வயிற்றில் எத்தனை, கால் நுனியில் இருக்கிற இறகு போன்ற நகத்தில் எத்தனை கிளை. அத்தனையும் ஒரு தூள் உப்பு மணியின் நீளம்கூட இல்லாத உடம்பில். நான் எண்ணினால் ஒவ்வொரு தடவையும் வேறு கணக்கு வரும். நீ எண்ணினால் வருகைப் பதிவேடு எடுப்பதுபோல் ஒரே எண்தான் வரும்.

அதைக் கண்ணாடித் தகட்டுக்கு மாற்றுவதுதான் பெரும்பாடு. ஊசியில் எடுத்தால் நசுங்கியது. தூரிகையில் எடுத்தால் காணாமல் போனது. ஒருநாள் நீ கண்ணாடி முன்னால் நின்று, உன் புருவத்திலிருந்து ஒரு முடியைப் பிடுங்கினாய். துடைப்பத்து ஈர்க்குச்சியின் நுனியில் நகப்பூச்சு வைத்து ஒட்டினாய்.

"சீ! புருவ மயிரா? இதையா ஸ்லைடுல விடப்போற?"

"இன்னா டீச்சர், இலையும் சீ, முடியும் சீயா? அருவருப்பா கீதுன்னா இன்னும் கிட்டப் போய்ப் பாக்கலன்னு அர்த்தம்."

சொல்லிக்கொண்டே அந்த முடியால் ஒன்றை அலுங்காமல் தூக்கிவிட்டாய். அதன் பிறகு ஒன்றுகூட நசுங்கவில்லை. ஒவ்வொரு தகட்டிலும் லேபிள் ஒட்டி, ஊர், மரம், தேதி, எடுத்தவர் பெயர் என்று உன் குண்டுக் கையெழுத்தில் எழுதினாய்.

இருவரும் ஓய்வு பெற்றோம். வேலை தொடர்ந்தது. உனக்குச் சிறுநீரகம் கெட்டது. குன்றத்தூரில் உன் மகன் வீட்டில் கட்டிலோடு படுத்துவிட்ட சமயம், ஒரு மதியம் நான் வந்திருந்தேன். உன் மருமகள் டீ போட உள்ளே போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டாய்.

"டீச்சர், அதுக்குப் பேரு வெப்பாங்கல்ல. கண்டுபுடிச்சவங்க பேரக்கூட வெப்பாங்களாமே?"

"வைக்கலாம். உன் பேர்தான் வைப்போம். நான் சொல்லிட்டேன்னு வச்சுக்க."

"அய்ய, அந்தப் பேனுக்கா என் பேரு? எம் மருமவ கேட்டா வுழுந்து வுழுந்து சிரிப்பா." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நீயும் சிரித்தாய். டீ வருகிற சத்தம் கேட்டதும் குரலைத் தாழ்த்தி, "ஆனா வைங்க டீச்சர்" என்றாய்.

அடுத்த மாதமே போய்விட்டாய்.

இனி எழுதப்போவதை நீ கேட்டே ஆக வேண்டும். கட்டுரை அச்சுக்குப் போகுமுன் பேராசிரியர் போன் செய்தார். நம் பள்ளிக்கு எதிரே இருக்கிற தொழிற்சாலை அவருடைய துறைக்குப் புது மைக்ராஸ்கோப் வாங்கித் தருகிறதாம். அதனால் நம் சிலந்திப்பேனுக்கு அந்த நிறுவனத்தைத் தொடங்கியவரின் பெயரை வைக்கலாம் என்றார். உன் பெயரைச் சொன்னேன். "லேப் அசிஸ்டென்ட் பேர் எதுக்கு டீச்சர்? நன்றின்னு ஒரு வரி போட்டுடலாம். உங்க பேர் ரெண்டாவதா வருது, பார்த்தீங்களா?" என்றார். என் பெயர் அச்சில் வருகிறது என்றதும் என் நாக்கு எப்படிப் புரண்டது தெரியுமா? "உங்க இஷ்டம் சார்" என்றேன்.

அவ்வளவுதான். யாரும் என்னை மிரட்டவில்லை. எனக்கு வேலை போகிற பயமும் இல்லை, பென்ஷன்காரி. அந்த நன்றி வரியிலும் "ஆய்வக உதவியாளர்" என்றிருக்கிறதே தவிர, உன் பெயர் இல்லை.

அந்தப் பெயர் வைத்ததைக் கொண்டாட நேற்று விழா. தொழிற்சாலை வாசலில் நுழையும்போதே மருந்து நெடி தொண்டையைப் பிடித்தது. உள்ளே வளர்ந்திருந்த நுணா மரங்களில் ஒரு இலை இல்லை. தோட்ட மேஸ்திரியைக் கேட்டேன். "நோய் புடிச்ச மரம் மேடம். பெரிய ஆளுங்க வராங்கன்னு எல்லாத்தையும் உருவிட்டு மருந்து அடிச்சுட்டோம்" என்றார் பெருமையாக. பாவம், அந்த நோய்க்குத்தான் விழா என்று அவருக்கு யார் சொன்னார்கள்? உள்ளே குளிரூட்டிய மண்டபத்தில், சுவரளவு திரையில், "எங்கள் வளாகத்தின் உயிர்" என்ற எழுத்துக்குக் கீழே அதே பிராணி. கண்ணே இல்லாத அதற்குக் கண் வைத்து, நான்கு கால்களுக்குப் பதில் எட்டுக் கால் போட்டுச் சிரிக்க வைத்திருந்தார்கள்.

நீ சொன்னதை நினைத்துக்கொண்டேன். கிட்டப் போய்ப் பார்த்தேன். எனக்குச் சால்வை போர்த்திய கம்பெனி அதிகாரிக்கு அந்தப் பிராணி எந்த மரத்தில் இருக்கிறது என்று தெரியவில்லை. பேராசிரியர் திரையைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டே கைதட்டினார். எவ்வளவு கிட்டப் போயும் என் அருவருப்புக் குறையவில்லை. உன் வார்த்தை இந்த ஓரிடத்தில் பலிக்கவில்லை.

பிறகு மைக் என் கைக்கு வந்தது. உன் பெயர் மூன்றே எழுத்து. அதைச் சொல்ல ஒரு மூச்சுப் போதும். அல்லது "படத்தில் கால் தப்பு" என்றாவது சொல்லியிருக்கலாம். காலாண்டுத் தேர்வில் ஒரு பிள்ளை இப்படி வரைந்தால் சிவப்பு மையில் சுழித்திருப்பேன். நான் நன்றி சொன்னேன். அவர்களுக்கு. சால்வையோடும் கோப்பையோடும் இறங்கி வந்தேன். அந்த மண்டபத்தில் நான் மிகக் கிட்டப் பார்த்தது என்னைத்தான். அதுதான் இன்று காலை காபியோடு தொண்டைக்கு வந்தது.

காபியைக் கொட்டியதும் விடைத்தாள் திருத்துகிற வெள்ளை மையை எடுத்துக் கோப்பையில் நான்கு கால்களை அழித்தேன். கண்களையும் அழித்தேன். படத்துக்குக் கீழே அச்சிட்டிருக்கிற இனப் பெயரில் கை வைக்கவில்லை. அச்சில் ஏறிய பெயரை இனி யாரும் மாற்ற முடியாது, அதுதான் விதி. நூறு வருடம் கழித்து ஒருவர் படித்தாலும் அந்தப் பெரிய மனிதரின் பெயர்தான் இருக்கும். உனக்குச் சத்தியம் செய்ததுபோல் சொல்லிவிட்டுக் காற்றில் விட்டது நான்.

இந்தக் கடிதத்தின் நடுவில் பேராசிரியர் போன் செய்தார். நம்மிடம் மீதி இருக்கிற தகடுகளைக் கல்லூரிச் சேகரிப்புக்குக் கேட்டார். "அந்தப் பழைய கையெழுத்து லேபிளையெல்லாம் எடுத்துட்டு, அழகா பிரிண்ட் பண்ணி ஒட்டிடுங்க டீச்சர்."

"வேணாம் சார்."

"இல்ல டீச்சர், பார்க்க ஒரே மாதிரி..."

"எடுத்தவங்க பேரு அதுலதான் இருக்கு. லேபிளைத் தொட்டா தகடு வராது."

"சரி, அப்படியே அனுப்புங்க" என்றார். இவ்வளவு எளிதா என்றிருந்தது. அன்றைக்கே சொல்லியிருந்தால் என்ன என்றும் இருந்தது. இதனால் என் கணக்கு நேராகிவிட்டது என்று நினைக்கவில்லை. இனத்தின் பெயர் எங்கே, தகட்டின் ஓரத்து லேபிள் எங்கே.

தகடுகளைப் பெட்டியில் அடுக்கிவிட்டேன். ஈர்க்குச்சியை மட்டும் அனுப்பப் போவதில்லை. மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்து எங்கு போனாலும் கொண்டுபோகிறேன். அதன் நுனியில் உன் புருவத்து முடி, இன்னும் கறுப்பாக, லேசாக வளைந்து நிற்கிறது. அன்றைக்குச் சீ என்றேன். நேற்றுக் கண்ட, தொட்ட அத்தனைக்கும் பிறகு, என் கை கூசாமல் எடுக்க முடிகிறது இது ஒன்றைத்தான்.