ரசீது போட்டால்தான் மருமகள்

அன்பு மகள் உன்சிலுக்கு அம்மா எழுதுவது. சம்சொன்போவில் நாங்கள் எல்லோரும் சுகம், உன் அப்பாவின் இடது முழங்கால் ஒன்றைத் தவிர, அதுவும் மழைக்கு முந்தின நாள் மட்டும்தான் மக்கர் செய்கிறது. கனடாக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் குட்டிப்பயலும் இருமாமல் தும்மாமல் இருக்க வேண்டும் என்று உங்கள் மூன்று பேர் பேரிலும் மலைக்கோயிலில் காகித விளக்கு கட்டிவிட்டு வந்தேன். போனில் சொல்லித் தொலைக்கலாமே என்று நீ கேட்பாய். போனை எடுத்தால் உன் அப்பா பிடுங்கிக்கொண்டு பாதிக் கதையைத் தானே சொல்லி, அதில் தன்னையே கதாநாயகனாக்கிக்கொள்கிறார், அதனால்தான் கருவாட்டுப் பெட்டிக்குள் கடிதமாக வைக்கிறேன். உன் தம்பி தொக்ஸுவின் பெண்டாட்டி வந்தாளா இல்லையா என்று கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்காதே. சின்ன வயதிலேயே கதைப்புத்தகத்தில் அந்தத் திருட்டுத்தனம் செய்தவள் நீ.

லியெனை உனக்குப் போட்டோவில்தான் தெரியும். துறைமுகத்தில் நெத்திலி காயவைக்கிற கொட்டகைக்கு வியட்நாமிலிருந்து ஐந்து மாத வேலைக்கு வந்த பெண். தொக்ஸு சரக்கு எடுக்கப் போகும்போதெல்லாம் ஒரு கூடைக்குப் பதில் அரைக்கூடை எடுத்துக்கொண்டு, மறுநாள் மீதி அரைக்கூடைக்குப் போவான், அப்போதே எனக்கு விளங்கிவிட்டது. அவள் ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் இவன் பின்னாலேயே போய் அவர்கள் வழக்கப்படி எல்லாக் கல்யாணச் சடங்கும் முடித்து, இரண்டு நாட்டிலும் பதிவு செய்துவிட்டுத் தனியாகத் திரும்பி வந்தான். விசா ஆபீஸில் விசாரித்தபோதுதான் பூதம் கிளம்பியது. வெளிநாட்டுப் பெண்டாட்டியைக் கூட்டிவர வேண்டுமானால் முந்தின வருஷம் இவ்வளவு சம்பாதித்தேன் என்று அரசாங்கக் காகிதத்தில் இருக்க வேண்டுமாம். நம் கருவாட்டுக் கடைக் காகிதத்தைப் பார்த்த அந்த ஆபீஸ் பெண், "அண்ணே, இதை வெச்சு ஒரு பூனை வளர்க்கிறதே கஷ்டமாச்சே" என்றாளாம். கூட இருக்கிறவர்கள் வருமானத்தையும் சேர்க்கலாம் என்றாள். உன் அப்பாவுடையதைச் சேர்த்தோம். சைபரோடு சைபரைக் கூட்டினால் என்ன வரும்?

ஏன் சைபர் என்று உனக்கு நான் சொல்லவேண்டுமா? கடை தொக்ஸு பேரில் இருந்தாலும் நடப்பது அப்பாவின் சட்டம். கையில் காசு கொடுத்து ரசீது கேட்காமல் போனால் ஒரு கைப்பிடி நெத்திலி கொசுறு, கார்டை நீட்டினால் கொசுறும் கிடையாது, சிரிப்பும் கிடையாது. வரி ஆபீஸ் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டேன் என்று மாரைத் தட்டிக்கொண்டிருந்தார். அந்த மண் இப்போது மருமகள் வழியில் மலையாகக் குவிந்துவிட்டது. நான் சும்மா விடுவேனா? "ஊரெல்லாம் ஏமாத்திட்டதா நெனச்சீரே, கடைசியில ஏமாந்தது யாரு? உம்ம புள்ளைதான்யா" என்று கேட்டேன். மனிதர் மூன்று நாள் கடைப்பக்கம் வரவில்லை, முழங்கால் வலி என்று சுவர் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

தொக்ஸு அன்று ராத்திரி உட்கார்ந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தான். மறுநாள் காலையில் பார்த்தால் கடை வாசலில் ஓர் அட்டை, ரசீது வாங்குகிறவர்களுக்குத்தான் இனி கொசுறு என்று. ரசீது போட்டால்தானே வரவு அரசாங்கக் கணக்கில் ஏறும். தராசுக்குப் பக்கத்தில் போனை மாட்டி, வியட்நாமில் இருக்கிறவளோடு பேசிக்கொண்டே வியாபாரம். அவளும் நம் பாஷைப் பரீட்சை எழுதித் தேற வேண்டும் அல்லவா, அதற்கு இதுதான் டியூஷன். நாள் முழுக்க அவள் காதில் விழுந்தது "ரசீது போடவா, ரசீதை எடுத்துக்கிட்டுப் போங்க" என்பதுதான். அந்தப் பக்கம் அவள் அம்மா நச்சரிக்க ஆரம்பித்துவிட்டாள். "கல்யாணம் பண்ணின கையோட ஓடிட்டானே, வருவானாடீ, இல்ல மறந்தே போனானா?" என்று அக்கம்பக்கம் கேட்கிறார்கள் என்று அந்தப் பிள்ளை ஒருநாள் போனிலேயே அழுதது.  நான் பெற்றவனால் இன்னொருத்தி பெற்ற பெண் அழலாமா உன்சில்?

யோசு ஊரிலிருந்து வந்து எதிர்க்கடையில் கடல்பாசி விற்கிற யோசுக்காரியை உனக்கு நினைவிருக்கும், அவள் தும்மினால் படகுத்துறையில் கேட்கும். அவளிடம் சொன்னேன், அவ்வளவுதான். "தொக்ஸு பொண்டாட்டி வரணும்னா ரசீது வாங்குங்கடீ! வாங்காம போனா அந்தப் பாவம் உங்களுக்குத்தான்!" என்று சந்தையே அதிரக் கத்தினாள். அன்றைக்குப் பிடித்தது ஊருக்கு ரசீது மோகம். ரசீது என்றால் என்னவென்று தெரியாத கிழவிகள் எல்லாம் "எங்கடா என் காகிதம்?" என்று கையை நீட்டி வாங்கி மடியில் செருகிக்கொண்டு போனார்கள்.

அப்புறம் சூசொக் அறுவடைப் பண்டிகை வந்தது. நெத்திலிப் பரிசுப் பெட்டிக்கு வருஷா வருஷம் பெரிய ஆர்டர் கொடுக்கிற ஓட்டல்காரர் பேக் வந்தபோது தொக்ஸு சரக்கு எடுக்கப் போயிருந்தான், கடையில் அப்பா மட்டும். பேக், "என்ன அண்ணாச்சி, வழக்கம்போல ரொக்கம், பில் வேண்டாம், கொஞ்சம் குறைச்சுப் போடுங்க" என்றாராம். உன் அப்பா பணத்தைப் பார்த்தார், தொக்ஸு மாட்டிவிட்டுப் போயிருந்த போனைப் பார்த்தார், அதில் லியென் இவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ரசீது போட்டுத்தான் தருவேன் தம்பி. இல்லாட்டி எம்மருமக வரமாட்டா" என்றார். பேக் வாங்காமலே போய்விட்டார். வீட்டுக்கு வந்த உன் அப்பா வெளுத்துப்போய், "இந்த வருஷ வியாபாரம் போச்சுடி" என்று உட்கார்ந்தார். எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து அந்த மனிதரை அவ்வளவு பிடித்தது அன்றைக்குத்தான், ஒரு கிண்ணம் அரிசிக்கள் ஊற்றிக் கொடுத்தேன். மறுநாளே பேக் திரும்பி வந்துவிட்டார். எந்தக் கடைக்குப் போனாலும் "ரசீதில்லாம இந்த வரிசையில ஒரு வாலுகூடக் கிடைக்காது" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள், எல்லாம் யோசுக்காரி போட்ட கட்டுப்பாடு. பில்லைப் போட்டு வாங்கிக்கொண்டு, மருமகள் வந்தால் சாப்பாட்டுக்கு ஓட்டலுக்குக் கூட்டி வாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார், நல்ல மனுஷன்தான்.

இந்த வருஷம் மே மாதம் கணக்குக் காட்டப் போகும்போது உன் அப்பா உன் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டார், தொப்பையில் பொத்தான் மாட்டவில்லை. கணக்கெல்லாம் பார்த்துவிட்டு வரி ஆபீஸ் பையன் வரித்தொகையைச் சொன்னதும், "தம்பி, இன்னும் கொஞ்சம் கூட்டிப் போட முடியாதா? பத்தாம போயிடப்போகுது" என்று கேட்டாராம். இப்படிக் கேட்ட ஆளை அவன் பார்த்ததே இல்லையாம். விசாவுக்குக் கேட்ட வருமானம் போதுமாக இருந்தது உன்சில், போக மிச்சமும் இருந்தது! விசாவும் கிடைத்தது, அவள் பரீட்சையிலும் தேறினாள். போன மாதம் கிம்ஹே விமான நிலையத்தில் அவளைப் பார்த்ததும் தொக்ஸு மரம் மாதிரி நின்றுவிட்டான், அழுதது யார் தெரியுமா, உன் அப்பாதான். இப்போதாவது உனக்குச் சொல்லிவிட்டேன், இனி கடைசிப் பக்கத்தைத் தாராளமாகத் திருப்பிக்கொள்.

வந்த மறுநாளே, ஓய்வெடு என்றாலும் கேட்காமல், கடைக்கு வந்து நின்றாள். ஒரு பெண்மணி ரசீதை விட்டுவிட்டுப் போக, இவள் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு மீன் ஏலம் விடுகிற இடம்வரை ஓடினாள். "இனிமே வேண்டாம்மா, அதான் நீ வந்துட்டியே" என்று அப்பா சொன்னால் தலையை ஆட்டுகிறாள், மறுபடியும் ஓடுகிறாள். எனக்கு அவர்கள் ஊர் மீன்சாஸ் விட்டு ஒரு குழம்பு வைத்துத் தந்தாள், முதல் நாள் மூக்கைப் பொத்தினேன், இப்போது நானே கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறேன்.

பெட்டியில் இரண்டு பை நெத்திலியும், குட்டிப்பயலுக்கு இனிப்புத் தடவிக் காயவைத்த தட்டை மீனும் இருக்கிறது. தட்டை மீனை லேசாகத்தான் சுட வேண்டும், கருக்கிவிடாதே. நெத்திலியை ஃப்ரீசரில் வை. மாப்பிள்ளையை ராத்திரி வேளையில் நூடுல்ஸ் தின்ன விடாதே. பெட்டிக்கு அடியில் ஒரு ரசீதும் இருக்கும், குப்பை என்று எறிந்துவிடாதே. பெட்டி கட்டும்போது லியென் தன் சொந்தப் பர்சிலிருந்து பணம் எடுத்துக் கல்லாவில் போட்டுவிட்டு, உன் பேருக்கு அதைப் போட்டாள். அப்பா, "மகளுக்கு அனுப்புறதுக்கு எதுக்கும்மா ரசீது?" என்றார். நீ ஊருக்கு வந்து ஆறு வருஷமாகிறது, ஒவ்வொரு வருஷமும் அடுத்த வருஷம் வருகிறேன் என்கிறாய் என்பதெல்லாம் தொக்ஸு அவளிடம் சொல்லியிருக்கிறான்போல. தெரிந்த அரைகுறை பாஷையில் அவள் சொன்னாள், "ரசீது இல்லேன்னா ஆளு வராது மாமா. எனக்குத் தெரியும்." அப்பா பெட்டியைத் தானே ஒட்டினார்.

பேர் சொல்லும்படி பிள்ளை வளர்த்து, நோய்நொடி அண்டாமல், மூன்று பேரும் நிறைந்து வாழ வேண்டும். ரசீதைப் பத்திரமாக வைத்திரு.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
அம்மா
(அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, தன்னைப் பற்றி இன்னும் நாலு வரி எழுதச் சொல்கிறார். எழுதவில்லை.)